எட்டரை நிமிடப் பாட்டும் என் மணிக்கட்டும்

கிட்டாரில் நான் பழகியது, மெட்டாலிக்கா என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. 1986-இல் வந்த பாட்டு. எட்டரை நிமிடம் ஓடும், வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 212 பீட். ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, டவுன் ஸ்ட்ரோக்கிலேயே (மேலிருந்து கீழாக மட்டுமே அடித்து) வாசிக்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் என் முன்கை கல்லாகிவிடும். பலம் போதவில்லை என்று இன்னும் அழுத்தி அடித்தேன், வலிதான் மிச்சம்.

ஒரு நாள் கையை ஃபோனில் படம் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியைத் தாண்டி அரை அங்குலம் கீழே போகிறது. போன தூரம் திரும்பி வர வேண்டாமா? நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பிக்கைப் பிடித்தேன். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 140-இல் வைத்து, தோள் இறுகினால் உடனே நிறுத்தி, வாரத்துக்கு ஐந்து பீட் மட்டும் ஏற்றினேன். நான்கு மாதம் ஆனது. கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனையும் பாதியாகக் குறைத்தேன். அது என் தப்பையெல்லாம் அழகாக மூடி வைத்திருந்தது!

அடுத்த தலைவலி, பாடும் பகுதி. அந்த ரிஃபில் ஒவ்வொரு நாலாவது பாரும் (தாளச் சுற்றும்) கொஞ்சம் குட்டை. நான் முழுசாக நாலு எண்ணி, ஒவ்வொரு முறையும் டிரம்ஸுக்குப் பின்னால் ஓடினேன். எண்ணுவதை விட்டு, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, வாயாலேயே முனகிப் பழகிய பிறகுதான் சரியாக வந்தது.

அப்புறம், தினமும் முதலிலிருந்தே ஆரம்பித்ததால் தொடக்கம் மட்டும் மெருகேறியது. கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிப் பழகினேன். நடுவில் வரும் மெதுவான பகுதியில் கையை உதறிக்கொள்ளலாம்.

கிட்டார் தனியாக முழங்கும் சோலோவா? அதை இன்னும் தொடவில்லை.