கிரீன் டீ கேப்சூலா? முதலில் மஞ்சப்பையைக் கொட்டுங்கள்

கடைக்கு வந்து கிரீன் டீ கேப்சூல் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, “வீட்டுக்குப் போய் மாத்திரைப் பையை எடுத்துட்டு வாங்க” என்பதுதான். வியாபாரம் போனாலும் சரி. மன்னார்குடியில் 26 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் மாத்திரையெல்லாம் ஒரு மஞ்சப்பையில்தான் தொங்கும். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, மூட்டுவலிக்கு, போன ஐப்பசி மழையில் பிடித்த சளிக்கு வாங்கிய மிச்சம், எல்லாம் ஒரே பையில். அதைக் கொட்டிப் பார்க்காமல் கேப்சூலைப் பற்றிப் பேச முடியாது.

போன வருஷம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய பாட்டிலைக் காட்டி, “தம்பி, இது டீத்தூளுதானப்பா, இதுல என்ன வந்துடப் போவுது?” என்றார். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். நீங்களும் அதையேதான் செய்ய வேண்டும். முன்பக்கத்துப் பச்சை இலைப் படத்தில் ஒன்றும் இல்லை.

பின்பக்கத்தில் ‘ஈ.ஜி.சி.ஜி.’ என்ற நாலெழுத்தைத் தேடுங்கள். கிரீன் டீயின் முக்கியமான சத்து அதுதான், வம்பும் அதுதான். ஒரு கப் டீயில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். பெரியம்மாவின் கேப்சூலில் தேயிலைச் சாறு 500 மில்லிகிராம், அதில் 45 சதவீதம் ஈ.ஜி.சி.ஜி. என்று போட்டிருந்தது. அதாவது ஒன்றில் 225. நாளைக்கு நாலு போடச் சொல்லியிருந்தார்கள், கூட்டினால் 900. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் ஆராய்ந்து சொன்னது, சப்ளிமென்டாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ஏறுகின்றன என்று. டீயாகக் குடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது, கேப்சூலில் ஒரே மடக்கில் இறங்குகிறது. வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் அதிகமாக ரத்தத்தில் ஏறும். அளவே போடாமல் ‘மூலிகைக் கலவை’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

சரி, இப்போது பை. பெரியம்மாவின் பையில் முதலில் வந்து விழுந்ததே ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை. இதய வால்வு மாற்றியவர். வார்ஃபரின், அசினோகூமரால் என்ற பெயர்களைப் பார்த்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். இந்த மாத்திரைகள் வைட்டமின் கே-யை மடக்கித்தான் வேலை செய்கின்றன. தேயிலையில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. வடிகட்டிய டீயில் கொஞ்சந்தான் இறங்கும். இலையையே பொடித்து அடைத்த கேப்சூலில் அப்படியே இருக்கும். மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, பல நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அளவு) மாறலாம். அதனால் ஆரம்பித்தாலும் சொல்லுங்கள், நிறுத்தினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த அம்மாவை அன்றைக்கே ஐ.என்.ஆர். பார்க்க அனுப்பினேன்.

பிரஷர் மாத்திரையில் நாடோலால் என்று ஒன்று. 2014-ல் ஜப்பானியர்கள் பத்துப் பேருக்கு நாளைக்கு 700 மில்லிலிட்டர் கிரீன் டீ கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த மருந்து சுமார் 85 சதவீதம் குறைந்தது. வெறும் டீக்கே இந்தக் கதி. மருந்தைக் குடலிலிருந்து உள்ளே இழுக்கும் வழியை டீ அடைத்துவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கொழுப்புக்குப் போடும் ரோசுவாஸ்டாட்டினும் ஓரளவு குறையும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கு டீயும் கேப்சூலும் இரண்டுமே ஆகாது. சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு ‘ரத்தம் ஊறவே இல்லை’ என்று வரும் பெண்களை மாதம் இரண்டு பேராவது பார்க்கிறேன். நம் ஊர்க் காப்பியும் இதே வேலையைத்தான் செய்யும். கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கேப்சூலே வேண்டாம்.

புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. போர்டிசோமிப் என்ற மருந்தை ஈ.ஜி.சி.ஜி. பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுத்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். காசநோய் மாத்திரை, மூட்டுவாதத்துக்குப் போடும் மெத்தோட்ரெக்சேட், இவை ஏற்கெனவே கல்லீரலைப் படுத்துபவை. கூடவே கேப்சூலையும் ஏற்றாதீர்கள். சாயங்காலம் ‘கடை’க்குப் போகிறவர்களும் இதில் சேர்த்திதான்.

பையில் இப்படி எதுவும் இல்லை, டாக்டரும் சரி என்றுவிட்டார் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். ஆரம்பித்த தேதியைப் பாட்டிலிலேயே பேனாவால் எழுதுங்கள். அதே வாரத்தில் வேறு புதுச் சப்ளிமென்ட் எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஏதாவது வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, வலப்பக்க மேல்வயிற்றில் வலி, மூத்திரம் டிகாக்‌ஷன் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, இதில் ஒன்று வந்தாலும் கேப்சூலை அன்றே நிறுத்திவிட்டு, பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ‘காமாலைதானே’ என்று வரப்பில் கீழாநெல்லி பறித்து அரைத்துக் குடித்துக்கொண்டே கேப்சூலையும் விடாமல் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் 11 நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

பெரியம்மா பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். “காசு போட்டு அனுப்பிச்சிருக்கான், வீணாக்காத. ஒன் கடைப் பையனுக்குக் குடு, தொந்தி போட்டிருக்கான் பாரு” என்றார். பையனுக்கு 22 வயது, ஒரு மாத்திரையும் கிடையாது. ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கே கல்லீரல் கெட்டிருக்கிறது என்பதால் கொடுக்கவில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.