காமா வெடிப்பு என்று அலர்ட் வந்தால் செய்யக்கூடாதவை

காமா வெடிப்பு என்பது விண்வெளியில் காமா கதிர்கள் திடீரென்று பீறிடுவது. அதைப் பற்றி விண்வெளித் தொலைநோக்கியிலிருந்து வரும் முதல் அலர்ட்டை எந்த மனிதரும் எழுதுவதில்லை. பதிவாகும் கதிர்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட எகிறியதும் விண்கலத்தின் மென்பொருளே அனுப்பிவிடுகிறது. வெடிப்பு சில நொடிகளில் மங்கிவிடும் என்பதால் இந்த அவசரம் தேவைதான். ஆனால் அதையே முடிவான செய்தி என்று பரப்புவதுதான் பெரிய தவறு.

2014 மே 27 அன்று ஸ்விஃப்ட் தொலைநோக்கி ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் திசையில் ஏதோ வெடித்ததாகச் சொன்னது. ஆண்ட்ரோமெடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில். அவ்வளவு பக்கத்துக் கேலக்ஸியில் வெடிப்பு என்றால் யாருக்குத்தான் ஆர்வம் வராது? சமூக ஊடகங்கள் பற்றிக்கொண்டன. மறுநாள் முழுத் தரவையும் அலசியபோது, அது ஏற்கெனவே பட்டியலில் உள்ள, மாறாமல் ஒளிரும், எக்ஸ் கதிர் உமிழும் பொருள் என்று தெரிந்தது. அவசரத்தில் கணித்த பிரகாசம் பல மடங்கு மிகையாகப் போயிருந்தது. காமா சிக்னலோ இரைச்சலுக்கு மேல் லேசாகத் தலைதூக்கியது, அவ்வளவுதான். சிக்னல் எவ்வளவு வலுவானது என்ற எண்ணை முதலில் பார்த்திருந்தாலே பாதிப் பரபரப்பு அடங்கியிருக்கும்.

அப்புறம், காமா எண்ணிக்கை ஏறினாலே வெடிப்பு என்று நினைப்பது. சூரியத் தீப்பிழம்பு, காந்த விண்மீன் (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட விண்மீன்), பூமியின் இடிமேகம் எல்லாமே கருவியை உசுப்பும். ஃபெர்மி என்ற விண்வெளித் தொலைநோக்கியில் 12 சோடியம் அயோடைடு உணரிகள் வெவ்வேறு திசை பார்த்து இருக்கின்றன; குறைந்தது இரண்டு உணரிகள் ஒரே நேரத்தில் எகிறினால்தான் அலர்ட். நிஜ வெடிப்பில் அதை நோக்கிய உணரிகள் அதிகம் காட்டும். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினால், விண்கலம் மின்னேற்றத் துகள்களுக்குள் புகுந்திருக்கலாம். 1980களில் சோவியத் செயற்கைக்கோள்களின் அணு உலைகள்கூட சூரிய ஆய்வுக் கலம் ஒன்றின் காமா கருவியைக் குழப்பியிருக்கின்றன.

சரி, எதையும் நம்பக்கூடாது என்று இருந்துவிடலாமா? அதுவும் தவறு. 2022 அக்டோபர் 9 அன்று ஸ்விஃப்ட் கண்ட ஒரு கதிர்மூலம் பால்வெளித் தளத்தின் அருகே இருந்ததால், நம் கேலக்ஸிக்குள் இருக்கும் புதிய பொருள் என்றே முதலில் கருதினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே ஃபெர்மி அதே திசையில் ஒரு வெடிப்பைப் பதிவு செய்திருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான காமா வெடிப்பு அது. அந்த ஒளி சுமார் 190 கோடி ஆண்டுகள் பயணித்து வந்திருந்தது.