தோப்புக்கு நெட் இழுத்தவர்கள் இடி விஷயத்தில் செய்யும் தவறுகள்

சித்திரை மாதம் பொள்ளாச்சிப் பக்கம் மூன்று மணிக்கு மேல் மேகம் கறுத்தால், மறுநாள் காலை எனக்கு என்ன வேலை என்று தெரிந்துவிடும். ஆறரை மணிக்கே போன் வரும். "அண்ணா, ராத்திரி இடி விழுந்துச்சுங்க, தோப்பு கேமரா ஒண்ணுமே வரல."

ஊருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள தென்னந்தோப்புக்கு வயர்லெஸ்ஸில் நெட் கொண்டுபோகிறவர்கள் இப்போது நிறைய. வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிஷ் ரேடியோ, மோட்டார் ரூம் ஓரத்தில் நாற்பதடி ஜி.ஐ. பைப் நட்டு அதன்மேல் இன்னொன்று. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதியை உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு திறந்துவிட்ட பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது.

போய்ப் பார்த்தால் கம்பத்தின் மேல் ரேடியோ பளபளவென்று இருக்கும், ஒரு கருகல்கூட இருக்காது. இடி விழுந்தது நூறு மீட்டர் தள்ளி ஒரு தென்னையில், மட்டையெல்லாம் தொங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் ரூமுக்குள் அடாப்டர் வெடித்திருக்கும், நெட்டைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்சில் நாலு போர்ட் செத்திருக்கும், கேமரா ரெக்கார்டரில் லேன் விளக்கு எரியாது. வீட்டுப் பக்கம் ஒன்றும் ஆகியிருக்காது. யோசித்துப் பாருங்கள்: இரண்டு கிலோமீட்டர் காற்றில் பத்திரமாக வந்த நெட், ரேடியோவிலிருந்து ரூமுக்கு இறங்கும் கடைசிப் பதினைந்து மீட்டர் செம்புக் கம்பியில்தான் சாகிறது. பக்கத்தில் மின்னல் பாயும்போது அந்தக் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஒரு காரணம். தரையில் நடப்பது இன்னொரு காரணம், அதுதான் பெரிது.

தனி எர்த் குழி

அதிகம் பார்க்கும் தவறு இது. கம்பத்துக்கென்று ஒரு எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப் இறக்கி, "இதைக் கரண்ட் எர்த்தோடு சேர்த்துடாதீங்க, இடி ரூமுக்குள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன், வாடிக்கையாளர் காசில் பாடம் படித்தேன்.

கணக்கு எளிது. ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்குப் பாய்வது சாதாரணம். அதில் வெறும் 1,000 ஆம்பியர் உங்கள் கம்பத்து எர்த்தில் இறங்குகிறது என்று வையுங்கள். குழியின் தடை 10 ஓம் என்றால் அந்த இடத்து மண், கம்பம், ரேடியோ எல்லாமே அந்தக் கணத்தில் 10,000 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். பத்தடி தள்ளி ஸ்டார்ட்டர் பெட்டியின் எர்த் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. இரண்டுக்கும் நடுவே கட்டியிருப்பது என்ன? உங்கள் லேன் கேபிள். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்பார்மர்களின் தாங்கும் திறனைச் சோதிப்பதே 1,500 வோல்ட்டில்தான்.

அணையில் தண்ணீர் ஏறினால் மிதக்கும் பரிசல் எல்லாம் சேர்ந்து ஏறும், ஒன்றுக்கும் ஆபத்தில்லை. ஒன்று மட்டும் ஏறி, இன்னொன்று கரையில் முளையோடு இறுகக் கட்டிக் கிடந்தால் நடுவில் உள்ள கயிறு அறும். அதனால் கம்பத்து எர்த்தையும் மோட்டார் ரூம் எர்த்தையும் 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டையால் மண்ணுக்கடியில் இணைத்துவிடுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043, இடி பாதுகாப்புக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 இரண்டும் எல்லா எர்த்தையும் ஒன்றாகக் கட்டத்தான் சொல்கின்றன. இணைத்த பிறகு ஒரு ஓட்டை மிச்சம் இருக்கும்: மின் கம்பிகள் தூரத்து டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகின்றன, அவை நம்மோடு சேர்ந்து ஏறாது. அதற்காகவே மெயின் போர்டில், எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் வேண்டும். எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்று சொல்வார்கள். எம்.சி.பி. விழ மில்லி செகண்டுகள் ஆகும், மின்னல் மைக்ரோ செகண்டில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும்.

மிச்சக் கம்பியைச் சுருட்டி வைப்பது

நூறு முறை பார்த்திருப்பேன். எர்த் கம்பி நாலு மீட்டர் மிச்சம். வெட்ட மனசு வராமல் அழகாக வட்டமாகச் சுருட்டி, டை போட்டு, சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். பார்க்க சுத்தமாக இருக்கும். மின்னலைப் பொறுத்தவரை அது எர்த் கம்பியே இல்லை.

மல்டிமீட்டர் வைத்தால் தடை பூஜ்யம் காட்டும், அதை நம்பி ஏமாறுகிறோம். மின்னல் திடீரென்று எகிறும் மின்னோட்டம். அதன் எதிரில் நிற்பது கம்பியின் தடை இல்லை, தூண்டல், அதாவது மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம். நேர்க் கம்பியில் ஒரு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்ரி. 3,000 ஆம்பியர் மூன்று மைக்ரோ செகண்டில் ஏறுகிறது என்றால், ஒவ்வொரு மீட்டர் கம்பிக்கும் 1,000 வோல்ட் எழும். பத்து மீட்டர் கம்பி என்றால் 10,000 வோல்ட், அதுவும் கம்பி நேராக இருந்தால். சுருட்டினால் இன்னும் மோசம். கூர்மையாக மடக்கினாலும் அப்படித்தான், மடிப்பிலிருந்து பக்கத்தில் இருப்பதற்குத் தாவிவிடும்.

ஆக, குட்டையாக, நேராக, வளைக்க வேண்டிய இடத்தில் பெரிய வளைவாக, கீழ்நோக்கியே போக வேண்டும். மேலே ஏறி இறங்குகிற எர்த் கம்பியைப் பார்த்தால் எனக்குக் கையில் கட்டர் வந்துவிடும். லேன் கேபிளையும் எர்த் கம்பியையும் ஒரே டையில் கட்டி இறக்குவதும் இதோடு சேர்ந்த தவறு. ஒன்றில் பாய்வது மற்றொன்றில் தூண்டும். முடிந்தால் லேன் கேபிளைத் தனியாக ஒரு ஜி.ஐ. பைப்புக்குள் விட்டு, அந்தப் பைப்பின் இரண்டு முனையையும் எர்த்தோடு கட்டுங்கள்.

அரெஸ்டர் என்னும் தாயத்து

லேன் கேபிளுக்கென்று சிறிய சர்ஜ் அரெஸ்டர் வருகிறது. உள்ளே இருப்பது வாயுக் குழாயும் சில டயோடுகளும்: அழுத்தம் எல்லை மீறினால் எர்த் பக்கம் திருப்பிவிடும். திருப்பிவிட எர்த் வேண்டும் அல்லவா? பாதி இடங்களில் அதன் எர்த் திருகில் கம்பியே இருக்காது. தாயத்து மாதிரி கட்டி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு அரெஸ்டர் வாங்கி "எங்கே போடலாம்" என்று கேட்பது. கேபிளுக்கு இரண்டு முனை. மேலே ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒன்று, கம்பத்தோடு சாண் நீளக் கம்பியில் கட்டுங்கள். கீழே கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. ரூமுக்குள் மேஜை வரை இழுத்து வந்து அங்கே மாட்டினால், இடியை உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்த மாதிரி.

கேபிளிலும் கை வைப்பார்கள். உள்ளே உலோகத் தாள் சுற்றிய ஷீல்டு கேபிள் வாங்கிவிட்டு முனையில் பிளாஸ்டிக் பிளக் அடிப்பார்கள், ஷீல்டு எங்கும் சேராமல் தொங்கும். உலோக உறையுள்ள பிளக்தான் வேண்டும். ரேடியோவோடு மூன்று பின் அடாப்டர் வந்தால் அந்த மூன்றாவது பின் ஷீல்டுக்கான எர்த். அதை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் சொருகினால் கதை முடிந்தது. தோப்பு ரூம்களில் மூன்று பின் சாக்கெட் இருந்தாலும் பின்னால் எர்த் கம்பி வந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள், பல நேரம் வந்திருக்காது.

உயரம்

"இன்னும் பத்தடி ஏத்திடலாமா?" தேவையில்லை. 5.8 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் பிரெனல் மண்டலத்தின் (இரண்டு ரேடியோவுக்கும் நடுவே அலை பரவிப் போகும் இடம்) ஆரம் சுமார் 5 மீட்டர், அதில் 60 சதவீதம், அதாவது 3 மீட்டர், தென்னங்குருத்துக்கு மேல் காலியாக இருந்தால் போதும். மரம் வளர்வதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு அடியும் சிக்னலுக்கு ஒன்றும் தராது, மின்னலுக்குத்தான் உதவும். ரேடியோவைப் பைப்பின் உச்சந்தலையில் வைக்காமல் இரண்டடி இறக்கி வையுங்கள், உச்சி பைப்பாகவே இருக்கட்டும்.

இடிதாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நம்பிக்கைதான். அது கட்டடத்தைக் காப்பாற்றும், நேரடி அடியை வாங்கிக்கொள்ளும். கேபிளில் தூண்டப்படுவதை அது தடுக்காது.

எல்லாம் இடி இல்லை

செத்த ரேடியோவைத் தூக்கிப் போடுமுன் அதன் லேன் சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் கறுத்திருந்தால் சர்ஜ். பச்சைப் பூஞ்சை மாதிரி பிடித்திருந்தால் தண்ணீர்: கேபிளை ஒரு வளைவு தொங்கவிடாமல் நேராக உள்ளே விட்டிருப்பார்கள், மழைநீர் கம்பி வழியாகவே இறங்கியிருக்கும். இதற்கு எத்தனை எர்த் போட்டாலும் பயனில்லை. ரேடியோ வேலை செய்கிறது, ஆனால் 1,000 மெகாபிட் காட்டிய போர்ட் 100-க்கோ 10-க்கோ இறங்கிவிட்டது என்றால் கேபிளையும் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் போர்ட் பாதி அடி வாங்கியிருக்கிறது, அடுத்த மழையில் போகும்.

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இப்போது புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, சுற்றிலும் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வந்தால் போனில் எச்சரிக்கிறது. அது வந்ததும் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள். பவரை மட்டும் பிடுங்கினால் பாதி வேலைதான். ஆனால் முழக்கம் காதில் விழுந்த பிறகு கேபிளைத் தொடாதீர்கள், கம்பத்துப் பக்கமே போகாதீர்கள். கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரைமணி நேரம் போகட்டும். இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். ஸ்விட்ச் விலை உங்களுக்கே தெரியும்.

வருடா வருடம் அடி வாங்கும் தோப்புகளில் நான் இப்போது செம்பையே விட்டுவிட்டேன். கம்பத்தடியில் ஒரு பெட்டி, அதற்குள் சின்ன பேட்டரி, சோலார் பலகை, லேன் சிக்னலை ஃபைபருக்கான ஒளியாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர். அங்கிருந்து ரூமுக்கு ஃபைபர் மட்டும். கண்ணாடியில் மின்சாரம் போகாது. போன ஐப்பசியில் ஒரு தோப்பில் அப்படியும் கன்வர்ட்டர் போய்விட்டது. என்னடா என்று பார்த்தால், வேலை செய்த பையன் ஃபைபர் டிராப் கேபிளோடு ஒட்டிவரும் இரும்புக் கம்பியை வெட்டாமல் இரண்டு பக்கமும் பெட்டியின் தகரத்தில் இறுக்கிக் கட்டியிருந்தான்.