ஓர் ஒப்பந்தம் மற்றோர் ஒப்பந்தத்தின் தரவைப் படிப்பது எப்படி?

எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் ஒவ்வொரு ஸ்மார்ட் ஒப்பந்தத்துக்கும் (சங்கிலியில் இயங்கும் நிரலுக்கும்) தனிச் சேமிப்பிடம் உண்டு. சங்கிலிக்கு வெளியே இருப்பவர் ஒரு நோடிடம் (சங்கிலியின் தரவை வைத்திருக்கும் கணினியிடம்) கேட்டால், 'பிரைவேட்' என்று அறிவிக்கப்பட்ட மாறியின் மதிப்புகூடக் கிடைத்துவிடும். சங்கிலிக்குள் இயங்கும் மற்றோர் ஒப்பந்தத்துக்கோ அந்த வசதி கிடையாது. அது தன் சேமிப்பிடத்தை மட்டுமே நேரடியாகப் படிக்க முடியும். பிற ஒப்பந்தத்தின் தரவு வேண்டுமானால், அது வெளியே திறந்து வைத்திருக்கும் ஃபங்ஷனை அழைத்துத்தான் பெற வேண்டும்.

ஆகவே, உங்களுக்கு வேண்டிய மதிப்பைத் தரும் ஃபங்ஷன் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒப்பந்தங்களை எழுதும் மொழியான சாலிடிட்டியில் 'பப்ளிக்' என்று அறிவித்த மாறிக்குப் படிக்கும் ஃபங்ஷனை கம்பைலரே உருவாக்கிவிடும். பிறகு, அந்த ஃபங்ஷனின் பெயரையும் வகைகளையும் கொண்ட ஓர் இன்டர்ஃபேஸை (ஃபங்ஷன்களின் வெறும் அறிவிப்பை) எழுதி, படிக்க மட்டுமே செய்வது என்பதைக் காட்ட 'வியூ' என்று குறித்து, ஒப்பந்தத்தின் முகவரியை அதில் பொருத்தி அழைக்கலாம்.

இன்டர்ஃபேஸை எழுதும்போது கவனம் தேவை. ஃபங்ஷனின் பெயரையும் உள்ளீட்டு வகைகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஹாஷின் (சுருக்கக் குறியீட்டின்) முதல் 4 பைட்டுகளை வைத்தே அழைப்பு உரிய இடத்துக்குப் போகிறது. உள்ளீட்டு வகையைத் தவறாக எழுதினால் அந்த 4 பைட்டுகள் மாறிவிடும் என்பதால், பெரும்பாலும் அழைப்பு தோற்று, பிழை உடனே தெரிந்துவிடும். திரும்பி வரும் மதிப்புகளின் வகையும் வரிசையும் அந்தக் கணக்கில் சேராதவை. டோக்கன் பரிமாற்றத் தளமான யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில் 'கெட்ரிசர்வ்ஸ்' ஃபங்ஷன், ஒரு பூலில் (டோக்கன்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒப்பந்தத்தில்) உள்ள இரண்டு டோக்கன்களின் இருப்பையும் கடைசியாகப் புதுப்பித்த நேரத்தையும் தருகிறது; முதலிரண்டையும் நீங்கள் இடம் மாற்றிப் பெயரிட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது, அவற்றின் விகிதத்திலிருந்து கணக்கிடும் விலை மட்டும் தலைகீழாக வரும்.

சாலிடிட்டி 0.5 முதல், வியூ அழைப்புகள் எதையும் மாற்றவிடாத 'ஸ்டாட்டிக்கால்' கட்டளை வழியே செல்கின்றன. அழைக்கப்பட்ட ஒப்பந்தம் எதையேனும் மாற்ற முயன்றால் அழைப்பு முறிந்துவிடும். இதே கட்டளையை நீங்களே கீழ்நிலையில் பயன்படுத்தினால், குறிநிரல் இல்லாத முகவரிகூட 'வெற்றி' என்றே பதில் தரும் என்பதால், அங்கே குறிநிரல் இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதியுங்கள். 2021-இன் பெர்லின் மேம்படுத்தலுக்குப் பிறகு, ஒரு பரிவர்த்தனையில் ஒரு முகவரியை முதன்முறை தொட 2,600 கேஸும் (கேஸ் என்பது இயக்கச் செலவின் அலகு) அடுத்தடுத்துத் தொட 100 கேஸும் ஆகும். அதே மதிப்பு மறுபடி தேவைப்பட்டால் உள்மாறியில் வைத்துக்கொள்வது நல்லது.

படிப்பதைவிட, படித்ததை எந்த அளவு நம்புவது என்பதே கடினமான பகுதி என்பது என் உறுதியான கருத்து. ஒரு பூலின் அந்நேர இருப்பிலிருந்து விலையைக் கணக்கிட்டால், ஃபிளாஷ் லோன் (அதே பரிவர்த்தனைக்குள் திருப்பித் தர வேண்டிய, பிணையில்லாக் கடன்) எடுத்தவர் ஒரே பரிவர்த்தனைக்குள் அதைத் திரித்துவிட முடியும். செயின்லிங்க் போன்ற ஆரக்கிளை (வெளியுலகத் தரவைச் சங்கிலிக்குள் தரும் சேவையை) படிக்கும்போது, விலையோடு வரும் 'அப்டேட்டட்அட்' நேரத்தையும் பார்த்து, பழையதானால் நிராகரியுங்கள். தசம இடங்களையும் அனுமானிக்கக் கூடாது; பல டோக்கன்களுக்கு 18 என்றால் யூஎஸ்டிசிக்கு 6.

இவற்றினும் நுட்பமானது, படிக்கும்போதே நிகழும் ரீஎன்ட்ரன்சி, அதாவது ஒரு வேலை முடியும் முன்பே குறுக்கே வரும் அழைப்பு. ஒருவர் பூலிலிருந்து பணத்தை எடுக்கும்போது, பூல் ஈதரை (எத்தீரியத்தின் நாணயத்தை) அனுப்பிவிட்டு மற்றக் கணக்குகளைச் சரிசெய்யும் முன்பே, பெறுபவரின் ஒப்பந்தம் இயங்கத் தொடங்கலாம். அந்த இடைவெளியில் அது உங்கள் ஒப்பந்தத்தை அழைத்து, உங்கள் ஒப்பந்தம் பூலின் விலையைக் கேட்டால், பாதி மாறிய கணக்கிலிருந்து தவறான விலை வரும். ஒரு வேலை முடியும் முன் மறுபடி அழைப்பதைத் தடுக்கும் பூலின் பூட்டு பெரும்பாலும் மாற்றம் செய்யும் ஃபங்ஷன்களையே காக்கிறது. வியூ ஃபங்ஷன்கள் திறந்தே கிடக்கும். 2022-இல் கர்வ் என்னும் பரிமாற்றத் தளத்தின் பூல்கள் சிலவற்றின் 'கெட் வர்ச்சுவல் பிரைஸ்' ஃபங்ஷனில் இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. இதைத் தவிர்க்க, விலையைப் படிக்கும் முன் அதே பூட்டைப் பயன்படுத்தும், வேறு பாதிப்பில்லாத ஒரு ஃபங்ஷனை அழையுங்கள். பூல் பாதி வேலையில் இருந்தால் அந்த அழைப்பு தோற்று, உங்கள் பரிவர்த்தனையும் அங்கேயே நின்றுவிடும். ஃபவுண்ட்ரி என்னும் சோதனைக் கருவியில் முதன்மைச் சங்கிலியை ஒரு குறிப்பிட்ட பிளாக் எண்ணில் ஃபோர்க் செய்து (நகலெடுத்து), பணம் எடுக்கும் நடுவில் உங்கள் ஃபங்ஷனை அழைக்கும் சோதனை ஒன்றையும் எழுதிவிடுங்கள்.