பழைய வீட்டுக்குப் பழைய மரச்சாமான்: பாலிஷ்காரரை உடனே கூப்பிடாதீர்கள்

தேவகோட்டைப் பக்கம் இருக்கும் தாத்தா வீட்டைச் செப்பனிட்டு, பழைய சாமான்களாகவே தேடிப் போட எனக்கு எட்டு வருடம் பிடித்தது. போன மாதம் தெரிந்த ஒரு தம்பதி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேக்கு பீரோ ஒன்று வாங்கினார்கள். வண்டியிலிருந்து இறக்கும்போதே, "நல்ல பாலிஷ்காரர் இருந்தா சொல்லுங்கண்ணே" என்றார்கள். எனக்குப் பதறிவிட்டது. நானும் அப்படிக் கேட்டவன்தான்.

வாசல் அகலத்தை அளப்பது, பேரம் பேசுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். பலரும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பழைய மெருகைச் சுரண்டுவது

நான் முதலில் வாங்கியது பர்மா தேக்குப் பெட்டகம். கதவு மூலைகளில் கொடியும் இலையும் செதுக்கியிருக்கும். கொஞ்சம் மங்கலாக இருந்ததால் ஒரு பட்டறையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் போனால், மெஷினால் தேய்த்து, மேலே பளபளவென்று மெலமைன் என்ற ரசாயனப் பாலிஷை அடித்து வைத்திருந்தார்கள். இலை நரம்புகள் மழுங்கிவிட்டன. கருப்பட்டி நிறத்தில் இருந்த மரம் புதுப்பலகை போல வெளுத்துக் கிடந்தது. காலம் ஏற்றிய நிறம் மேல்தோலில்தான் இருக்கிறது. அது போனால் எந்தச் சாயத்தாலும் திரும்பாது. பிறகு ஒரு வியாபாரியிடம் காட்டினேன். நான் கொடுத்த விலையில் பாதிகூடத் தர முடியாது என்றார். இன்றும் அந்தப் பெட்டகத்தைக் கடக்கும்போது எரிச்சல் வருகிறது.

அந்தக் கால மெருகு பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிசாகப் பல தடவை பூசியது. அதே ஸ்பிரிட்டில் அது மறுபடி இளகும். அதனால் சுரண்டவே வேண்டாம். சாமானின் கால் ஒன்றின் பின்பக்கம் துளி ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாக ஒட்டினால் அரக்குதான். அழுக்கைத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே புதிதாக அரக்கு பூசச் சொல்லலாம். கைவேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் பூசும்போது கூடவே இருங்கள். அந்தத் தம்பதியின் பீரோவில் பார்த்தபோது பஞ்சு பழுப்பானது. நல்லவேளை, பட்டறைக்குப் போகவில்லை.

ஒன்று, அரக்கு மெருகுக்குச் சூடு ஆகாது. காபி டம்ளரை அப்படியே வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

உளுத்த மரம்

வைரம் பாய்ந்த தேக்கை வண்டு அவ்வளவாகத் தொடாது. வெளுத்த ஓரக்கட்டையைத்தான் தின்னும். பீரோவை நகர்த்தி, அடியில் வண்டு அரித்த தூள் மாவு போலக் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வளவை நிரப்புவது

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், சாமான்களை அடைக்க வேண்டாம். அந்தத் தாழ்வாரங்கள் பாய் விரித்து உட்காரக் கட்டியவை. முற்றத்துச் சாரலும் அடிக்கும்.

பழைய கட்டில்

கடை மெத்தை பொருந்தாது. அளவு கொடுத்து இலவம்பஞ்சு மெத்தை தைத்துக்கொள்ளுங்கள்.

ஊஞ்சல்

உத்திரத்தை ஆசாரி தட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகு பலகை வாங்குங்கள்.