மெத்தை வாங்கும்போது பில்லில் எழுத வைக்க வேண்டியது

"பிடிக்கலேன்னா பத்து நாள்ல மாத்திக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால், அதை அப்படியே பில்லில் எழுதி, கடை முத்திரையோடு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும்தான், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். எழுதித் தரத் தயங்கினால், "நீங்கள் சொன்னபடி பத்து நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்தானே?" என்று அங்கிருந்தே கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாலும் மாற்றித் தருவார்களா என்பதையும் கேளுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

குறையுள்ள பொருள் என்றால் கதை வேறு. தையல் பிரிந்தது, ஒரு பக்கம் அமுங்கியது போன்றவற்றுக்குப் பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். ஆனால் "ரொம்ப மெத்தென்று இருக்கிறது" என்பது குறை ஆகாது. அதற்குக் கடைக்காரர் தந்த வாக்குறுதி மட்டுமே துணை.

மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அப்புறமும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.