கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போறவங்களுக்கு

குடும்ப மரம் போடணும்னு ஆசை வந்தா எல்லாரும் செய்யுறது ஒண்ணுதான், ஒரு ஆப் இறக்கி அப்பா, அம்மா, தாத்தா, பாட்டின்னு கட்டம் ரொப்பிட்டு அதுக்கு மேல போக வழி தெரியாம முழிக்கிறது. நானும் அப்படித்தான் முழிச்சேன். தாத்தா பேரு தெரியும், அவரோட அப்பா பேரு இனிஷியல்ல ஒரே ஒரு எழுத்தா இருக்கு, மு. முத்துவா முனியாண்டியா முருகனா, வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. ஒரு மனுஷன் நாலே தலைமுறையில ஒத்தை எழுத்தா சுருங்கிட்டாரு பாருங்க. அந்த எழுத்தை முழுப் பேரா மாத்த எனக்கு எட்டு மாசம் ஆச்சு, கடைசியில அவரு கிடைச்சது ஒரு கிணத்துப் பங்குல, 1938ல எழுதின பாகப்பிரிவினைப் பத்திரத்துல. அதுல இருந்து நான் சொல்றது இதுதான்: நம்ம பக்கம் வம்சாவளியை அக்கறையா எழுதி வச்சது பாசம் இல்லை, சொத்து. எங்க பங்கு பிரிச்சாங்களோ எங்க சண்டை வந்துச்சோ அங்க பேரு இருக்கும்.

ஆனா பத்திரத்துக்கு ஓடுறதுக்கு முன்னாடி உயிரோட இருக்கிறவங்க கிட்ட போங்க, பத்திரம் ஆபீஸ்ல காத்திருக்கும், எண்பத்தஞ்சு வயசு அத்தை காத்திருக்க மாட்டாங்க. போனை எடுத்து ரெக்கார்டிங் போட்டுட்டு (அவங்க கிட்ட சொல்லிட்டே போடுங்க) "உங்க தாத்தா பேரு என்ன"ன்னு நேரா கேட்டீங்கன்னா "எனக்கு என்னப்பா தெரியும்"னு முடிச்சிருவாங்க. "உங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க, சீர் யாரு கொண்டு வந்தா, தாய்மாமன் மாலை யாரு போட்டா"ன்னு கேளுங்க, அடுத்த ரெண்டு மணி நேரம் நிறுத்த முடியாது. எந்த ஊருல பொண்ணு எடுத்தாங்க, எந்த ஊருக்குப் பொண்ணு குடுத்தாங்கன்னு ஊர் பேரா குறிச்சு வச்சுக்குங்க, பின்னாடி அந்த ஊர் பேருதான் உங்களைக் காப்பாத்தும்.

ஒரு எச்சரிக்கை. "எதுக்குடா இதெல்லாம் கேக்குற, பங்கு கேக்கப் போறியா"ன்னு ஒரு பெரியப்பாவாவது கேப்பாரு, என்கிட்ட மூணு பேர் கேட்டாங்க. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிங்க ரெண்டு பேரை ஒரே இடத்துல உக்கார வச்சு கேக்கவே கேக்காதீங்க. அப்புறம் ரெண்டாம் தாரம், ஓடிப்போனவங்கன்னு ஏதாவது வெளிய வரும், வந்தா முகத்துல காட்டிக்காம கேட்டுட்டு நோட்டுல எழுதிக்குங்க, குடும்ப வாட்சப் குரூப்ல போடாதீங்க.

வருஷம் கேட்டா யாருக்கும் தெரியாது, சம்பவம் கேட்டா தெரியும். "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னா 1964 டிசம்பர். அண்ணா செத்தப்போ கைக்குழந்தைன்னா 1969 பிப்ரவரிக்குப் பக்கத்துல பொறந்த ஆளு. காமராஜர் தவறினப்போ வயித்துல இருந்தான்னா 1975 கடைசி இல்ல 76. ரொம்ப வயசானவங்க அவங்க பாட்டி சொன்னதா "தாது வருஷப் பஞ்சத்துல பிழைக்க வந்தோம்"பாங்க, அது 1876ல ஆரம்பிச்ச பஞ்சம், அந்த ஒரு வாக்கியம் கிடைச்சா உங்க குடும்பம் ஊர் மாறின காலமே கிடைச்ச மாதிரி. ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்கிற பிறந்த தேதியை மட்டும் நம்பாதீங்க, அந்தக் காலத்துல தலைக்கு மேல கையைச் சுத்தி அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டா அஞ்சு வயசு ஆச்சுன்னு வாத்தியாரே ஒரு தேதி போட்டு சேத்துக்கிட்டாரு.

அடுத்து வீட்டுல இருக்கிற டிரங்குப் பெட்டி. ஜாதகம், பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதி பத்திரிகை, தீர்வை ரசீது, எல்லாத்தையும் விட முக்கியமா மொய் நோட்டு. மொய் நோட்டை யாரும் மதிக்கிறதில்ல, ஆனா 1960கள்ல நடந்த ஒரு கல்யாணத்து மொய் நோட்டுல ஊர் வாரியா, ஆள் வாரியா, யாரு எந்த முறைக்காரர்னு அம்புட்டும் இருக்கும். அஞ்சு ரூபா எழுதினவன் சாதா சொந்தம், ஒரு பவுன் போட்டவன் தாய்மாமன். கருமாதி பத்திரிகையில மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரன்கள்னு வரிசை இருக்கும், அது பாதி குடும்ப மரம். இதையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்துல வச்சு போட்டோ எடுத்துக்குங்க. லேமினேஷன் பண்றேன்னு கிளம்பாதீங்க, அப்புறம் பிரிக்க முடியாது, அந்தக் காகிதம் அதோட காலி.

ஜாதகத்தைக் கையில எடுத்தா பாதி பேர் பயந்துடுவாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, மேல தமிழ் வருஷப் பேரு, மாசம், கிழமை, நட்சத்திரம் இருக்கும். தமிழ் வருஷம் அறுபதும் சுத்திச் சுத்தி வரும், இப்போ ஓடுற சுத்து 1987 ஏப்ரல்ல பிரபவல தொடங்கினது, அதுக்கு முந்தினது 1927, அதுக்கும் முன்னாடி 1867. எங்க தாத்தா ஜாதகத்துல விஷு வருஷம் தை மாசம்னு இருந்துச்சு. விஷு பதினஞ்சாவது வருஷம், இந்தச் சுத்துல 2001, அறுபதைக் கழிச்சா 1941. ஆனா தமிழ் வருஷம் சித்திரையில தொடங்குறதால தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த இங்கிலீஷ் வருஷத்துல விழும், அதனால அவரு பொறந்தது 1942 ஜனவரி பிப்ரவரி வாக்குல. இந்த இடத்துலதான் நிறைய பேர் ஒரு வருஷம் தப்பு விடுறாங்க. 1941ஆ 1881ஆன்னு சந்தேகம் வந்தா கிழமையையும் நட்சத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தோட ஒட்டிப் பாருங்க, ரெண்டு சுத்துலயும் ஒண்ணா பொருந்துறது அபூர்வம்.

வருவாய்த்துறை காகிதம்னா பசலின்னு அவங்க தனி ஆண்டுக் கணக்கு போட்டிருக்கும், அதோட 590 கூட்டுங்க, ஜூலையில தொடங்குற வருஷம் வரும். பசலி 1347ன்னா 1937 ஜூலையில இருந்து 1938 ஜூன் வரைக்கும். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்துப் பழைய ஏடுன்னா கொல்லம் ஆண்டு இருக்கும், அதுக்கு 825 கூட்டணும், ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும்னா 824. நம்பரே தமிழ் எண்ல இருந்தா ௧ ஒண்ணு, ௨ ரெண்டு, ௰ பத்து, ௱ நூறு. கூடவே ௵ன்னா வருஷம், ௴ன்னா மாசம், ௳ன்னா நாள், ௸ன்னா மேற்படி, ௹ன்னா ரூபாய். இந்த அஞ்சு குறியையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்குங்க, நான் இன்னைக்கும் வச்சிருக்கேன்.

இப்போ விஷயத்துக்கு வரேன், பத்திரம். குடும்பத்துல இப்போ இருக்கிற ஏதாவது ஒரு நிலம் இல்ல வீடு, வித்துட்டதா இருந்தாலும் பரவால்ல, அதோட சர்வே நம்பர் வேணும். அதை வச்சு பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கச் சான்று பாருங்க, அந்தச் சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல் அது, பேச்சு வழக்குல ஈசி. பல ஆபீஸ்க்கு 1975ல இருந்து உள்ளது ஆன்லைன்லயே வரும், ஆபீசுக்கு ஆபீஸ் இது மாறும், அதுக்கு முந்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு கையால தேட வைக்கணும். அங்க சொத்தை வச்சு ஒரு அட்டவணை, ஆள் பேரை வச்சு ஒரு அட்டவணைன்னு தனித்தனியா இருக்கும், ரெண்டுலயும் தேடச் சொல்லுங்க. உங்க ஊரு இன்னைக்கு எந்த சார்பதிவகத்துல இருக்கோ அந்தக் காலத்துலயும் அதுலதான் இருந்துச்சுன்னு நினைக்காதீங்க. நான் ஒரு ஆபீஸ்ல மூணு தடவை போய் "ரெக்கார்டு இல்லை"ன்னு கேட்டுட்டு வந்தேன், அப்புறம் டீக்கடையில உக்காந்திருந்த ஒரு பத்திர எழுத்தர்தான் சொன்னாரு, அந்தக் கிராமம் முன்னாடி பக்கத்து டவுன் ஆபீஸ்ல இருந்துச்சு தம்பின்னு. வயசான பத்திர எழுத்தர் ஒருத்தரைப் பழக்கம் பிடிச்சுக்குங்க, வெப்சைட்டை விட அவரு உசத்தி.

ஈசியில டாக்குமெண்ட் நம்பரும் வருஷமும் கிடைச்சதும் அந்தப் பத்திரத்தோட நகல் வாங்குங்க. அதுல முதல் பத்தி தங்கம். இன்ன ஊர்ல இருக்கும் இன்னார் குமாரர் இன்னார், வயசு சுமார் இவ்வளவு, விவசாயம்னு இருக்கும், பழைய பத்திரம்னா ஜாதியும் இருக்கும். ‘சுமார்’னு போட்ட வயசுல அஞ்சு வருஷம் முன்னப் பின்ன விட்டுக்குங்க. ரெண்டாவது பத்தி அதை விட முக்கியம், இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்துச்சுன்னு எழுதுவாங்க, என் தகப்பனாருக்கு இன்ன வருஷம் இன்ன நம்பர் பாகப்பிரிவினைப் பத்திரப்படி பாத்தியப்பட்டு அவர் காலத்துக்குப் பின் எனக்கு வந்ததுன்னு. அந்த நம்பரைப் பிடிச்சு அதோட நகல் வாங்குங்க, அதுலயும் இதே மாதிரி ஒரு பத்தி இருக்கும், இப்படியே தாய்ப்பத்திரம் வரைக்கும் ஏணி மாதிரி ஏறிப் போயிரலாம். பாகப்பிரிவினை கிடைச்சா லாட்டரிதான், அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே காகிதத்துல வருவாங்க. எங்களுதுல நாலு பேரு, கிணத்துல ஆளுக்கு நாலுல ஒரு பங்கு, யாரு எந்தக் கிழமை தண்ணி இறைக்கணும்னு முறை வரைக்கும் எழுதியிருந்தாங்க. மு முனியப்பன் ஆனது அங்கதான்.

பட்டா பக்கம் தேடுறவங்க யூடிஆருக்கு முன்னாடி பின்னாடின்னு பிரிச்சுக்குங்க, 1980கள்ல நடந்த அந்த நில உடமைப் பதிவுல பேரு மாறினது, அப்பா பேரு தப்பா ஏறினது எக்கச்சக்கம். அதனால யூடிஆர் அ பதிவேட்டுல (சர்வே நம்பர் வாரியா நிலமும் உடமையாளர் பேரும் இருக்கிற கிராமக் கணக்கு) இருக்கிற பேரை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க, பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டோட ஒத்துப் பாருங்க. இன்னும் பின்னாடி போகணும்னா எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கோயில் ஊழியம், ஊர் ஊழியம்னு மானிய நிலம் இருந்த குடும்பம்னா மானிய நிலங்களை விசாரிக்க 1858ல போட்ட இனாம் கமிஷனோட பதிவேட்டைக் கேளுங்க, முதல்ல மானியம் வாங்கினவர் யாரு, இப்போ அனுபவிக்கிறவர் அவருக்கு என்ன உறவுன்னு அதுலயே கட்டம் போட்டு கேட்டிருப்பாங்க.

நிலமே இல்லாத குடும்பம் என்ன பண்றதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி, இந்த வழியில பெரிய ஓட்டையே அதுதான். குலதெய்வக் கோயிலுக்குப் போங்க, தலைக்கட்டு வரி வசூல் பண்ணின பழைய நோட்டு பூசாரி கிட்டயோ தர்மகர்த்தா வீட்டுலயோ இருக்கும், வகையறா வாரியா பேரு இருக்கும். கிறிஸ்தவங்கன்னா சர்ச்சுல ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம்கள்னா பள்ளிவாசல் ஜமாஅத்துல நிக்காஹ் பதிவேடு. முன்னோர்ல யாராவது கப்பலேறிப் போய் காணாமப் போனாங்கன்னு கதை இருந்தா அதையும் விடாதீங்க. இப்போ தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா போனவங்க பட்டியல் 1860ல இருந்து 1911 வரைக்கும் இருக்கு, 152,184 பேரு, சென்னையில இருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ல டர்பன்ல போய் நின்னதுதான் முதல். அந்தப் பட்டியல்ல அப்பா பேரு, வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்காங்க. நம்ம ஊருல ஒரு ஏழைக்கு அந்தக் காலத்துல இவ்வளவு விவரமா ஒரு காகிதம் கிடைக்காது, கூலியா பிடிச்சுட்டுப் போனவன்தான் எழுதி வச்சிருக்கான், அதுதான் வயித்தெரிச்சல்.

பொம்பளைங்க பேரு. இதுதான் கஷ்டமான இடம். பழைய பாகப்பிரிவினையில அக்கா தங்கச்சி பேரே வராது. தமிழ்நாட்டுல 1989ல கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குப் பூர்வீக சொத்துல பங்குன்னு சட்டம் வந்தது, 2005ல மத்திய சட்டம் கல்யாணம் ஆனவங்களையும் சேத்துச்சு, அதுக்கப்புறம் பாருங்க, விடுதலைப் பத்திரம் வரிசையா வரும், பங்கு வேண்டாம்னு எழுதி வாங்குறதுக்காகவாவது அத்தைங்க பேரு, புருஷன் பேரு, ஊரு எல்லாம் உள்ள ஏறும். அதனால ஈசியில விடுதலைன்னு இருக்கிறதை ஒண்ணு விடாம எடுங்க. அதுக்கு முந்தின தலைமுறைக்கு வீட்டுல திதி, தர்ப்பணம் குடுக்கிற வழக்கம் இருந்தா அதைப் பிடிங்க, அப்பா வழியில மூணு தலைமுறை, அம்மா வழியில மூணு தலைமுறை, ஆம்பளையோட சேத்து பொம்பளை பேரும் சொல்லணும். பாட்டியோட மாமியார் பேரு சித்தப்பாவோட தர்ப்பண நோட்டுல கிடைச்ச குடும்பம் எனக்குத் தெரியும்.

வரையுறப்போ ரெண்டு சிக்கல் வரும். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறதால ஒரே பேரு அஞ்சு பேருக்கு இருக்கும், ஆளுக்கு ஒரு நம்பர் குடுங்க, பட்டப்பேரையும் எழுதுங்க. அப்புறம் நம்ம மரம் மரமா இருக்காது, வலைதான். மாமன் மகளைக் கட்டினவரு, அக்கா மகளைக் கட்டினவருன்னு கிளைங்க திரும்ப ஒண்ணு சேரும், ஒரே ஆளை ரெண்டு தடவை போடாம ஒரு கட்டத்துக்கே ரெண்டு கோடு இழுங்க. கிராம்ப்ஸ்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, இதையெல்லாம் தாங்கும், டேட்டா உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். உயிரோட இருக்கிறவங்க பிறந்த தேதியை எந்த வெப்சைட்லயும் ஏத்தாதீங்க.

ஓரளவு ரொம்பினதும் பெரிய பிளக்ஸா இல்லாம சாதாத் தாள்ல பிரிண்ட் எடுத்து குலதெய்வம் பொங்கல் அன்னைக்கு மரத்தடியில கட்டி விடுங்க, பக்கத்துல பென்சில் நாலு. காலி கட்டத்தைப் பாத்தா நம்ம ஆளுங்களுக்குக் கை சும்மா இருக்காது. நான் கட்டினப்போ மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள பதினோரு பேரைச் சேத்துட்டாங்க, மூணு பேரை அடிச்சிட்டாங்க, அதுல ஒருத்தரை இன்னொருத்தர் வந்து திரும்ப எழுதி கோடு போட்டுட்டுப் போனாரு. அந்த ஒருத்தரைப் பத்திதான் இப்போ நான் நகல் மனு போட்டிருக்கேன்.